ரயிலுக்குப் பயந்து மலை ஏறினோம்

அடுப்படித் தரையில், அம்மிக்குப் பக்கத்தில் தொடங்கி வாசற்படி வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு. கோலமாவால் இழுத்தது. கோட்டின் மேல் அங்கங்கே புளியங்கொட்டைகள். கோட்டைச் சுற்றிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூன்று பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, வறுத்த அரிசியை மென்றுகொண்டு வேடிக்கை பார்க்கிறேன்.

அந்தக் கோடுதான் மலை. அம்மி எங்கள் தேயிலைத் தோட்டம். வாசற்படி பாபநாசம். புளியங்கொட்டைகள் நாங்கள் வழியில் ராத்தங்க வேண்டிய இடங்கள்.

கோட்டை இழுத்தவர் என் வீட்டுக்காரர். ஆம்பிளை கோலமாவைத் தொட்டதே அத்தைக்குப் பிடிக்கவில்லை. போதாததற்கு, கோடு கோணலாக இருக்கிறதென்று வேறு குறை சொன்னார். மலைவழி கோணலாகத்தான் இருக்கும் என்று இவர் சொல்ல, அப்படியானால் இன்னும் கொஞ்சம் கோணலாகப் போடு என்றார் அத்தை. இப்படித்தான் அந்தப் பயணம் தொடங்கிற்று.

தோட்டத்து வீட்டைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும் என்பது வரைக்கும் சொன்ன நினைவு. குளத்துப்புழைக்கு மேலே, மலைக்குள் இருந்தது அந்தத் தோட்டம். என் வீட்டுக்காரர் அங்கே கணக்கப்பிள்ளை. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும், அவருடைய அம்மாவான என் அத்தையும். எனக்கு அப்போது ஏழாம் மாதம். வளையல் அடுக்கி முடித்தாயிற்று. அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போக வேண்டும். கூட்டிப்போக என் தாய்மாமா வந்திருந்தார்.

மாமா வந்தது ரயிலில். திரும்பவும் ரயிலில்தான் போவோம் என்று நினைத்து, பிரயாணத்தில் கொறிக்க ஒரு ஓலைப்பெட்டி நிறைய முறுக்கும் கொண்டுவந்திருந்தார். மலையேறி நடக்கப் போகிறோம் என்று அத்தை சொன்னபோது அவர் கையில் இருந்த முறுக்கு அப்படியே நின்றுவிட்டது.

குகை செய்த குற்றம்

ரயில் மலையைக் குடைந்துகொண்டு வந்து அப்போது சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. முதன்முதலில் அம்பாசமுத்திரத்துக்கு ரயில் வந்த அன்று நான் பாவாடை கட்டிய பெண். ஊரே ஸ்டேஷனுக்குத் திரண்டு போயிற்று. எங்கள் தெருக்காரர் ஒருவர் இஞ்சினுக்குச் சந்தனம் பூசுகிறேன் என்று போய்க் கையைச் சுட்டுக்கொண்டு வந்தார். ரொம்ப நாள் வரைக்கும் அந்தத் தழும்பை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார், ஏதோ சாமி காரியத்தில் பட்ட காயம் மாதிரி.

கல்யாணமான மறு வருஷம் தோட்டத்துக்கு நான் வந்ததும் அந்த ரயிலில்தான். அப்போது எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. செங்கோட்டை தாண்டியதும் மலை கிட்டே வந்தது. வண்டி குகைக்குள் நுழைந்தது. பட்டப்பகலில் ஒரேயடியாக இருட்டு. கரிப்புகை பெட்டிக்குள் வந்து, தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. "வந்திரும், வெளிய வந்திரும்" என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குச் சொன்னாரோ, தமக்கே சொல்லிக்கொண்டாரோ தெரியாது.

தோட்டத்துக்கு வந்த சில வாரங்களிலேயே அது கலைந்துபோயிற்று. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத இப்போதும் கை வரவில்லை.

செய்தி மலைக்குக் கிழக்கே போனதும், கல்லிடைக்குறிச்சியிலிருந்து என் பெரிய மாமியார் வந்து இறங்கினார். என் மாமனாரின் அண்ணன் பெண்டாட்டி. கூடவே தம் தம்பி மகள் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். எனக்குத் துணைக்காம். அந்தப் பெண் எனக்குத் துணையாக இருந்த நேரத்தைவிட என் வீட்டுக்காரருக்குக் காப்பி கொண்டுபோன நேரம் அதிகம். வயிற்றில் பிள்ளை தங்காத ராசி என்று பெரிய மாமியார் சமையல்கட்டில் சொன்னது, படுக்கையில் கிடந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார்.

அத்தை பக்கத்தில் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில், எல்லோரும் இருக்கும்போது, குகைதான் காரணம் என்றார்.

கிரகணத்தின்போது பிள்ளைத்தாய்ச்சி வெளியே வரலாமா? பட்டப்பகலில் இருட்டினால் அது கிரகணம் இல்லாமல் வேறென்ன? அறியாப் பெண்ணை அதற்குள் கொண்டுபோனது யார்? நம் வீட்டுப் பிள்ளை அல்லவா? இப்படி ஒவ்வொன்றாக அத்தை கேட்கக் கேட்க, பெரிய மாமியாருக்கு மறுக்கத் தெரியவில்லை. கிரகணம் பற்றிய சட்டதிட்டமெல்லாம் அத்தையைவிட அவருக்குத்தான் அதிகம் தெரியும். தாம் போட்ட முடிச்சில் தாமே மாட்டிக்கொண்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, இரண்டு நாளில் துணைக்கு வந்த பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டார்.

நானும் நம்பினேன். அத்தை சொன்னதும் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? என் உடம்பு செய்த குற்றம் இல்லை, ரயில்காரன் செய்த குற்றம். தோட்டத்திலிருந்து தூரத்தில் ரயில் ஊதுவது காற்றடிக்கும் நாளில் இலேசாகக் கேட்கும். கேட்கும்போதெல்லாம் அதைத் திட்டித் தீர்ப்பேன்.

ஆனால் பெரிய மாமியார் போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனார். அடுத்ததாவது தங்குகிறதா பார்ப்போம் என்று. அதற்கு என்ன அர்த்தம் என்பது எனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். இந்தத் தடவை என் வயிற்றில் இருந்தது பிள்ளை மட்டுமில்லை. அந்த வீட்டில் எனக்கு இருந்த இடமும் அதோடுதான் இருந்தது.

புளியங்கொட்டைகள்

குகை கூடாது என்று முடிவானபின் என்ன வழி? ஆரியங்காவுக் கணவாய் வழியாக வண்டிப்பாதை இருந்தது. கட்டைவண்டிக் குலுக்கல் ஏழு மாதத்துக்கு ஆகவே ஆகாது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். மிச்சம் இருந்தது ஒன்றுதான். மலைமேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, பாபநாசத்தில் போய் விழும் பழைய நடைபாதை. எனக்கு மூங்கில் டோலி. ஏற்றமும் இறக்கமும் பொல்லாத இடத்தில் மட்டும் இறங்கி நடப்பது.

எங்கெங்கே ராத்தங்குவது என்பதில்தான் சண்டை. தங்குமிடம் சரியாக அமைந்துவிட்டால் நடை தானாக அமையும் என்பது என் வீட்டுக்காரர் கட்சி. கோட்டைச் சரிபாகமாகப் பிரித்து, பங்குக்கு ஒரு புளியங்கொட்டை வைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதில் ஒன்று ஓடைக்கு நடுவே விழுந்தது என்பதை வழிகாட்ட வந்திருந்த மலைவாசியான காணிக்காரர் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மாமாவுக்குத் தூரம் பொருட்டில்லை. அம்பாசமுத்திரத்தில் அரிசி மண்டி வைத்திருந்தவர். ஒவ்வொரு கொட்டையாகத் தொட்டு, இங்கே உலை வைக்கலாமா, தண்ணீர் எப்படி, விறகு ஈரமாக இருக்குமா என்று விசாரித்தார். சாப்பாட்டுக்குத் தோதில்லாத கொட்டையெல்லாம் சத்தமில்லாமல் நகர்ந்து தண்ணீர் இருக்கும் பக்கம் போயிற்று.

அத்தை வந்தார். புளியமரத்தடியில் பிள்ளைத்தாய்ச்சி படுக்கக்கூடாது என்று ஒரு கொட்டையை எடுத்தார். தண்ணீர்க் கரையில் தங்கக்கூடாது என்று இன்னொன்றை எடுத்தார். கறி சமைத்த அடுப்பில் சைவக்காரர்கள் உலை வைக்க முடியாது என்று மூன்றாவது போயிற்று. உச்சிப்பொழுதில் நடக்கக்கூடாது. அந்தி சாய்வதற்குமுன் ஓரிடத்தில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். இந்த இரண்டிலும் மிச்சம் மீதி போயிற்று. தரையில் வெறும் கோடுதான் இருந்தது.

மாமா கோட்டையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். "மயினி, நீங்க சொல்லுததப் பாத்தா, காலையில பொறப்பட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பாவநாசம் போயிரணும் போலுக்கே" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயில் இருந்த அரிசி கோட்டின் மேல் தெறித்தது. அத்தை அந்த அரிசியையும் பொறுக்கி எடுத்து வைத்தார். சிரிக்கவில்லை.

கடைசியில் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். முதல் இரவு தோட்டத்தின் கடைசி எல்லையில் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில். உலை மட்டும் வெளியே புதுக்கல் வைத்து மூட்டுவது. இரண்டாவது இரவு மலையுச்சிக்குப் பக்கத்தில் தாவளம் என்று ஒரு இடம். முற்காலத்தில் பொதிமாட்டுக்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டுத் தங்கிய மேடு. அங்கே ஒரு கொட்டகையும் சுனையும் உண்டு. மூன்றாவது இரவு கீழே சொரிமுத்தையன் கோயில் மண்டபத்தில். அது ஆற்றங்கரைதான். ஆனால் சாமி இருக்கும் கரை என்பதால் அத்தை ஒத்துக்கொண்டார்.

அப்புறம்தான் அத்தை பெரிய குண்டைத் தூக்கிப் போட்டார். தாமும் வரப்போவதாகச் சொன்னார்.

எல்லோரும் தடுத்தோம். அத்தைக்கு மூட்டுவலி. மழைநாளில் தண்ணீர்க்குடத்தை இடுப்பில் வைக்க முடியாமல் நின்றுவிடுவார். டோலி ஒன்றுதான் இருந்தது. பிரசவத்துக்கு மருமகளைக் கொண்டுபோய்விட மாமியார் போகிற வழக்கமும் இல்லை. "நாந்தான் கொண்டுபோயி விடணும்" என்றார் அத்தை. ஏன் என்று யாரும் கேட்டுப் பதில் வாங்க முடியவில்லை. என்னைக் காவல் காக்கத்தான் வருகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். உள்ளூரக் கோபமாகக்கூட இருந்தது.

கட்டுச்சோறு

பங்குனி மாதம். தேயிலைச் சரிவெல்லாம் புதுத்துளிர் விட்டிருந்தது. கமுகம்பாளையில் பொதிந்த புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, முதல் நாளைக்கு மட்டும் தயிர்ச்சோறு, அதற்குமேல் இடித்த மாவும் கருப்பட்டியும். அட்டைக் கடிக்குப் புகையிலையும் சுண்ணாம்பும். இடுப்பில் எனக்கு வேப்பிலை, கையில் ஒரு சின்ன இரும்புக் கரண்டி. கரண்டி எதற்கென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். காத்துக் கருப்பு அண்டாமல் இருக்க.

என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. முதல் ராத்தங்கல் வரைக்கும் கூட வந்தார். மறுநாள் காலையில் பிரிகிற இடத்தில், "பைய நட, அவசரம் இல்ல" என்று ஒரே வார்த்தையை மூன்று தடவை சொன்னார். எனக்கு அழுகை வந்தது. மாமா முறுக்குப் பெட்டியைத் திறந்து நீட்டினார். அழுதுகொண்டே தின்றேன்.

காட்டுக்குள் நுழைந்தபின் பேச்சுக் குறைந்தது. மேலே வெயில், கீழே ஈரம். ஏலக்காய் வாசனை எங்கிருந்தோ வரும், திரும்பிப் பார்த்தால் செடி இருக்காது. டோலிக்காரர்கள் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொண்டு அடி வைப்பார்கள். டோலியில் சாய்ந்திருக்கும் எனக்கு இலைகளின் அடிப்பக்கம்தான் கண்ணில் பட்டுக்கொண்டே வரும். பின்னால் அத்தையின் ஊன்றுகோல் கல்லில் தட்டும் சத்தம். ஏற்றம் கூடக் கூட அந்தச் சத்தம் தள்ளித் தள்ளிக் கேட்டது. நிறுத்தச் சொல்லி நான் குரல் கொடுத்தால், "போ, போ, வாரேன்" என்று பதில் வரும்.

உச்சிப்பொழுது வந்ததும் அத்தையின் சட்டப்படி உட்கார்ந்தோம். காணிக்காரர் மேற்கே பார்த்துவிட்டு, உட்கார வேண்டாம், மேகம் ஏறுகிறது, ஒரே மூச்சில் தாவளத்துக்குப் போய்விடலாம் என்றார். அத்தை அசையவில்லை. உச்சியில் நடக்கக்கூடாது என்றால் கூடாது. மாமாவும் சுமைகாரர்களும் மட்டும் காணிக்காரரோடு முன்னால் போனார்கள், நாங்கள் வருவதற்குள் கொட்டகையில் அடுப்பு மூட்டி வைக்க. நானும் அத்தையும் டோலிக்காரர்களும் பின்தங்கினோம்.

நடுப்பகலில் இருட்டு

மறுபடி புறப்பட்டுக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். காட்டில் பூச்சிச் சத்தம் நின்றது. மேற்கேயிருந்து கோடைமழை மேகம் மலையைத் தாண்டி இறங்கிற்று. கூடவே மூடுபனியும். டோலிக்காரர்கள் என்னை அவசரமாக ஒரு பெரிய பாறையின் கீழே இறக்கி, அத்தையையும் கைபிடித்து உள்ளே விட்டுவிட்டு, அடுத்த பாறைக்கு ஓடினார்கள். ஒரு பாறைக்குக் கீழே இரண்டு பேருக்குமேல் இடமில்லை.

அப்புறம் இருட்டிற்று. மதியத்தில் அப்படி ஒரு இருட்டை நான் அதற்குமுன் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அது ரயிலில்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே அசைவில்லை. காலையிலிருந்து அசைந்ததா என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை. எதற்குப் பயந்து இத்தனை கல்லையும் முள்ளையும் தாண்டி வந்தோமோ, அதுவே மலைமேல் ஏறி எங்களைத் தேடி வந்துவிட்டது. இரும்புக் கரண்டியும் எங்கேயோ விழுந்துவிட்டது. "அத்தை, இருட்டிட்டு. போச்சு அத்தை, எல்லாம் போச்சு" என்று கத்தினேன்.

அத்தை என் முகத்தைத் தம் இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. கை சில்லிட்டு இருந்தது.

"ஏட்டி கோமதி, இங்க பாரு. இருட்டு ஒண்ணும் செய்யாது."

நான் கேட்கவில்லை. குகை, குகை என்று புலம்பினேன்.

"குகையும் ஒண்ணும் செய்யல. நாந்தான் அப்படிச் சொன்னேன்."

அழுகை நின்றுவிட்டது. மழை பாறைமேல் கொட்டிக்கொண்டிருந்தது. அத்தை என் காதுக்கு அருகில் வாயை வைத்துப் பேசினார். என் வீட்டுக்காரருக்கு முன்னால் அத்தைக்கு இரண்டு தங்கவில்லை. அப்போது ரயிலும் கிடையாது, குகையும் கிடையாது. கல்லிடைக்குறிச்சி வீட்டை விட்டு அவர் வெளியே காலடி எடுத்து வைத்தது கோயிலுக்கும் வாய்க்காலுக்கும்தான். இரண்டாவதும் கலைந்த வருஷமே அந்த வீட்டுக்கு இன்னொருத்தியைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

கல்லிடைக்குறிச்சியில் எனக்கு ஒரு சின்ன மாமியார் உண்டு என்பது கல்யாணத்துக்கு முன்பே தெரியும். ஏன் உண்டு என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அத்தைக்குப் பிறகு மகன் பிறந்தான். ஆனால் வந்தவள் வந்தவள்தானே. மகனுக்கு மலைமேல் வேலை கிடைத்ததும் அத்தை மூட்டையைக் கட்டிக்கொண்டு அவனோடு ஏறி வந்ததற்கும் அதுதான் காரணம்.

"பழிய எம் மேல போட்டாக. போடுததுக்கு வேற எடம் இல்ல. உனக்கு ஒரு குகை இருந்துச்சு, அது மேல போட்டுட்டேன்" என்றார் அத்தை.

அப்படியானால் ரயிலிலேயே போயிருக்கலாமே என்று கேட்டேன்.

"போயிருக்கலாம். உன்ன அதுல ஏத்திட்டா, பொறவு நான் சொன்னத எவ நம்புவா? கெழவி அன்னைக்குச் சும்மா சொல்லியிருக்கான்னு ஆயிரும்லா? அம்புட்டும் திரும்பி உம் மேல வந்து உக்காரும்."

அந்தச் சொல்லைக் காப்பாற்றத்தான் அத்தை மூட்டுவலியோடு மலை ஏறியிருக்கிறார். என்னை மட்டும் அனுப்பிவிட்டுத் தாம் வீட்டில் இருக்க மனம் வரவில்லை. புளியமரமும் ஓடைக்கரையும் அவர் நிஜமாகவே நம்பியவைதான். அதிலெல்லாம் பொய் கிடையாது. இந்த ஒன்றுதான் அவர் இட்டுக்கட்டியது.

எனக்கு என்ன தோன்றிற்று என்று கேட்டால், முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் ரயிலைத் திட்டிய என்னைப் பார்த்து உள்ளுக்குள் என்ன நினைத்திருப்பார் என்று. அந்தக் கோபம் மழை நிற்பதற்குள் போய்விட்டது. ஈரச்சேலையோடு அவர் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டேன். வயிற்றில் பிள்ளை அசைந்தது அப்போதா, கொஞ்சம் கழித்தா என்று சரியாக நினைவில்லை. அத்தையிடம் சொன்னேன். "அது எப்பவும் அசையும். நீதான் கத்துன கத்துல கவனிக்கல" என்றார்.

வெளிச்சம் திரும்பியபோது சாயங்கால வெயில் நனைந்த மலை முழுக்க மஞ்சளாக விழுந்திருந்தது. கிழக்கே, ரொம்பக் கீழே, ஆறு ஒரு இழையாகத் தெரிந்தது. அத்தைதான் முதலில் பார்த்தார். அன்று அதற்குமேல் நடக்கவில்லை. மாமா தொப்பலாக நனைந்து, சோற்றுப்பானையைத் தலையில் கவிழ்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டு, திட்டிக்கொண்டே திரும்பி வந்தார். கொட்டகையை யானை எப்போதோ பிய்த்துப் போட்டுவிட்டதாம். பாறைக்கடியிலேயே எங்கள் இரண்டாம் ராத்தங்கல். யார் வைத்த புளியங்கொட்டையிலும் இல்லாத இடம். அங்கே அந்தப் பானையில் பொங்கித் தின்ற சூடான சோற்றின் ருசி, பிறகு எத்தனையோ கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தும் எனக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் இறக்கம். சொரிமுத்தையன் கோயில் மண்டபத்தில் ஆற்றுச் சத்தம் கேட்டபடி தங்கினோம். அந்த வழியில் பாதி இப்போது அணைத் தண்ணீருக்குள் கிடக்கிறது. போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு. ஆனால் தண்ணீரைப் பார்த்து என்ன செய்ய?

அம்பாசமுத்திரம் ஸ்டேஷன்

பிள்ளை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். நல்லபடியாகப் பிறந்தான். பாளையங்கோட்டையில் வாத்தியாராக இருக்கிறான், தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. ரயிலில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் இன்றைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாளே பெரிய மாமியார் கல்லிடைக்குறிச்சியிலிருந்து பார்க்க வந்தார். ஏழு மாதக்காரியை மலைமேல் நடத்திக் கொண்டுவந்த அநியாயத்தைப் பற்றி என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே, குகை வழியாக அனுப்புவது எப்படி, ஒருதடவை பட்டது போதாதா என்றார். குரலில் ஒரு பிசிறு இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். பெரிய மாமியாரும் ஆட்டினார். என் அம்மா அதன்பின் அத்தையைக் கும்பிடாத குறையாகக் கவனித்துக்கொண்டாள்.

ஒரு வாரம் இருந்துவிட்டு அத்தை தோட்டத்துக்குத் திரும்பினார். காலெல்லாம் வீங்கிக் கிடந்தது. இனி மலை ஏற முடியாது. பிள்ளைத்தாய்ச்சிக்குத்தானே குகை ஆகாது, எனக்கென்ன என்று சொல்லி மாமாவிடம் டிக்கெட் எடுக்கச் சொன்னார். புனலூரில் என் வீட்டுக்காரர் வந்து காத்திருப்பதாக ஏற்பாடு.

அத்தை அதற்குமுன் ரயிலில் ஏறியதே இல்லை என்பது அன்று ஸ்டேஷனில்தான் எனக்குத் தெரிந்தது. ரயில் போடுவதற்கு முன்பே வண்டிப்பாதையில் தோட்டத்துக்குப் போனவர். அப்புறம் எங்கள் கல்யாணத்துக்கு மட்டும் அதே வண்டிப்பாதையில் இறங்கி வந்து ஏறியவர். பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கம்பியை இறுக்கப் பிடித்துக்கொண்டார். மாமா சோடா வாங்கி வரப் போனார். அத்தை என்னைக் கிட்டே வரும்படி கண்ணால் கூப்பிட்டார்.

"உள்ள ரொம்ப நேரம் இருட்டா இருக்குமோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

கொஞ்ச நேரம்தான் அத்தை, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள், புகை வரும் என்றேன். பயமாக இருந்தால் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன்.

"நீ மூடிக்கிட்டியா?"

"இல்ல அத்தை."

"பொறவு நான் எதுக்கு மூடணும்?"

இஞ்சின் ஊதிற்று. மாமா சோடாவோடு ஓடி வந்துகொண்டிருந்தார். அவர் வருவதற்குள் அத்தை ஜன்னல் வழியாகக் குனிந்தார்.

"முழிச்சிருந்துதான் போகணும் பிள்ளே. பாவம், அந்தக் குகை ஒரு தப்பும் செய்யாம நம்ம பழிய அம்புட்டையும் சொமந்துக்கிட்டு நிக்குது. போகும்போது அதுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போறேன்."